டப்பாக்களைத் திறந்து பாருங்கள்



கடன்காரன் தன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்திருக்கிறான் என்று கதறிய விதவையிடம், எலிசா தீர்க்கதரிசி அவள் வீட்டிலுள்ள பொருளின் கணக்கைக் கேட்டார் (2 இராஜாக்கள் 4). சிறிது எண்ணெய் மாத்திரமே உண்டென்று அவளால் உடனே சொல்ல முடிந்தது. மும்பையில் வாழும் நம்மிடம் அப்படிக் கேட்டால் என்ன சொல்லுவோம்? எத்தனை கிலோ புளி இருக்கிறது, பின்வரிசை டப்பாவில் இருப்பது உளுந்தா பயறா என்று நம்மில் அநேகருக்குத் தெரியாது.

நம்முடைய அறைகளோ சிறியவை. தாராவியில் பத்துக்குப் பத்தடியில் குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தின் கீழ் முதலில் கட்டப்பட்ட வீடுகளும் 225 சதுர அடிதான். அதற்குள்ளே நாகர்கோவில் ரயிலில் வந்திறங்கும் கருப்புக்கட்டியும் மிளகாய்வற்றலும் அப்பளமும் ஒருபுறம். பழைய சேலைக்குப் பாண்டிவாலி கொடுத்துப்போன எவர்சில்வர் மறுபுறம். ஊரில் பரண் என்போம், இங்கே மாளா என்கிறோம். பெயர் எதுவானாலும் அதில் ஏறினது இறங்குவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் சந்துக்கு ஊரிலிருந்து ஒரு குடும்பம் புதிதாய் வந்தது. எங்கள் சபைக்கும் வரத் தொடங்கினார்கள். நான் மனமகிழ்ச்சியோடு இரண்டு கிலோ ரவையை எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சகோதரி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவர்களுடைய சிறுமிதான், "ஆன்ட்டி, அந்த ரவையில் பூச்சி ஓடுச்சு" என்றாள். நான் அதை இரண்டு வருஷம் "தேவைப்படும்" என்று வைத்திருந்தேன். இனி எனக்கு வேண்டாம் என்றானபின்பே கொடுத்தேன். அன்றிரவு ஜெபிக்க முழங்காலில் நின்றேன், வாய் திறக்கவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்தேன்.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்லுகிறேன். அரிசி வண்டு மணியைத் துளைத்து அதன் உள்ளே முட்டையிடுகிறது. ஆகையால் சுத்தமாய்த் தோன்றும் அரிசியிலும் சில வாரங்களில் வண்டு புறப்படும். பழைய அரிசியின்மேல் புதிய அரிசியைக் கொட்டுவது நாம் செய்யும் பெரிய தவறு. டப்பாவைக் காலிசெய்து, கழுவி, ஈரமறக் காயவைத்த பின்பே நிரப்புங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த நகரத்தில் வெயிலை நம்ப முடியாது. சிறிய அளவாயின் நன்கு கட்டி, ஃப்ரீஸரில் நான்கு நாள் வைத்தால் பூச்சியும் முட்டையும் மடியும்.

வேர்க்கடலையிலும் மிளகாயிலும் பூஞ்சணம் கண்டால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். பொறுக்கியெடுத்து வறுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுப்பது. சமையல் சூட்டுக்கு அது முற்றிலும் அழிவதில்லை. நெடுநாள் கிடந்த பருப்பு கெட்டதல்ல, ஆனால் வேகாது. மிச்சம்பிடித்த பணத்தைக் கேஸ் சிலிண்டர் தின்றுவிடும். பாக்கெட்டில் எக்ஸ்பைரி என்றிருந்தால் அந்தத் தேதிக்குப்பின் உண்ணாதீர்கள். பெஸ்ட் பிஃபோர் என்பது சுவையும் மணமும் குறையத் தொடங்கும் காலத்தையே காட்டுகிறது. முகர்ந்து பார்த்து முடிவுசெய்யலாம்.

பாத்திரங்கள்தான் கடினம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெயர் வெட்டிக் கொடுத்தவை. அநேகர் இன்று உயிரோடில்லை. நான் என் தாயின் குத்துச்சட்டியை வைத்துக்கொண்டேன். பெரிய அண்டாக்கள் அன்பின் விருந்துக்கு உதவுமென்று சபைக்குப் போயின. மூடியில்லாத பிளாஸ்டிக் டப்பாக்கள் பங்கார் கடைக்கு. அவை தாராவி 13-ஆம் காம்பவுண்டில் போய் அரைபடும்.

ஏன் இப்படிச் சேர்த்துவைக்கிறோம்? 1965, 1966-ஆம் ஆண்டுகளில் தேசத்தின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. ரேஷன் வரிசையில் நின்ற என் தாயார், அரிசிப்பானையின் அடி தெரிந்தால் நித்திரை செய்யமாட்டார்கள். அந்தப் பயம் பெட்டியோடு என்னுடன் ரயிலேறி வந்தது. சேர்த்துவைப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. யோசேப்பு ஏழு வருஷம் தானியத்தைச் சேர்த்தான். பஞ்சம் வந்தபோது களஞ்சியங்களைத் திறந்தான். வனாந்தரத்தில் மன்னாவை விடியுமட்டும் ஒளித்துவைத்தவர்களுக்கோ புழுதான் மிஞ்சியது (யாத்திராகமம் 16). என் ரவை எந்த வகை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஒவ்வொரு டப்பாவிலும் வாங்கிய தேதியை ஒட்டுகிறேன். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, உபவாச ஜெபம் முடிந்து வந்து, ஒரு தட்டை மாத்திரம் காலிசெய்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கினால் இரவுச் சமையலுக்கு இடமிராது, படுக்கவும் இடமிராது.

அந்தச் சகோதரியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்று காலையில் வாங்கிய ரவையைக் கையில் கொடுத்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கி, என் முன்பாகவே சல்லடையை எடுத்துச் சலித்து, பின்பு டப்பாவில் கொட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.