பிந்திப் பேசும் பிள்ளையும் வகுப்பு டீச்சரும்



மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் போனவர்கள் செட்டிபாளையம் கழிந்ததும் தேற்றாத்தீவைக் கடந்திருப்பீர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும் தேற்றா மரத்தின் பெயர் அந்த ஊரின் பெயரில் இருக்கிறது. அங்கே தரம் ஒன்றில் ஒரு பிள்ளை வாய் திறக்காமல் கடைசி வாங்கில் இருந்தால் வகுப்பு டீச்சர் என்ன செய்வார்? காத்தான்குடியிலோ மருதமுனையிலோ அது உங்கள் பிள்ளையாக இருந்தால்?

"பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்" என்று சொல்வது சுலபம். நம் நாட்டில் அவர்களை உருவாக்கும் படிப்பே 1997இல்தான் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் டிப்ளோமாவாகத் தொடங்கியது. பிரித்தானிய நிபுணர்கள் அதற்குத் துணை நின்றார்கள். பின்னர் அது பட்டப்படிப்பாக வளர்ந்தது. என்றாலும் தமிழில் சிகிச்சை செய்யக் கூடியவர்கள் இன்னும் மிகச் சிலரே. ஆகவே தினமும் பிள்ளையோடு இருக்கும் ஆசிரியையைப் பயிற்றுவதே கையெட்டும் வழி.

இதை உலகின் பல நாடுகளும் உணர்ந்திருக்கின்றன. சிகிச்சையாளர்கள் வெளிநாடுகளுக்குப் போய்ச் சில வாரம் தங்கி ஆசிரியர்களைப் பழக்குகிறார்கள். ஸிம்பாப்வேயில் உருவான ஒரு கைநூலை 1997இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. குளிப்பாட்டல், சமையல், விளையாட்டு என்று அன்றாட வேலைகளுக்குள்ளேயே பேச்சை வளர்க்கலாம். விலை கூடிய கருவி எதுவும் வேண்டாம்.

ஆனால் வெளியிலிருந்து வருபவர் நம் தமிழைக் கொண்டுவர முடியாது. ர, ற, ழ ஆகிய ஒலிகள் நம் பிள்ளைகளுக்குப் பிந்தித்தான் வரும். மூன்று வயதில் 'மரம்' என்பதை 'மயம்' என்றால் அது நோயல்ல. இரண்டு வயது தாண்டியும் 'உம்மா வா' என்று இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டால்தான் கவனிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை ஆங்கில அட்டவணை காட்டாது. தமிழ் டீச்சரும் வீட்டிலுள்ள உம்மம்மாவும்தான் காட்ட வேண்டும்.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். திக்கிப் பேசும் மகன் மத்ரஸாவில் எல்லோரோடும் சேர்ந்து ஓதும்போது தங்குதடையில்லாமல் ஓதுவான். "அங்கே வருகிறது, இங்கே ஏன் வராது? வேணுமென்றே செய்கிறான்" என்று வாப்பா ஏசுவார். பாவம் பிள்ளை! பலர் ஒரே குரலில் சொல்லும்போது திக்கு அடங்குவது உலகெங்கும் கண்ட உண்மை. தனியே பேசும்போது அது திரும்பும். ஏசினால் கூடும். "மெதுவாகச் சொல்லு" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் உதவாது. நாவின் முடிச்சு அவிழ துஆக் கேட்ட மூஸா நபி (அலை) அவர்களை அறிந்த நாம், திக்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கலாமா?

பயிற்சி பெற்ற டீச்சர் செய்வது பார்வைக்குச் சின்ன வேலைதான். பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குந்துவார். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருப்பார். பிள்ளை "பந்து" என்றால் "ஓம், சிவப்புப் பந்து" என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிக் கொடுப்பார். கையசைவையும் படத்தையும் பதிலாக ஏற்பார். நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பில் பத்து வரை எண்ணுவது லேசல்ல என்பது எனக்கும் தெரியும்.

வீட்டில் தமிழ், ஓதலில் அரபு, வெளியில் சிங்களம் என்பதால் பேச்சு பிந்துவதில்லை. நாக்கை வெட்டினால் பேச்சு வரும் என்று அவசரப்படவும் வேண்டாம். முதலில் காதைப் பாருங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது ஒழுகும் பிள்ளைக்குப் பாதிச் சொல்தான் கேட்கும். பாதிதான் திரும்பி வரும். பெரிய வைத்தியசாலையில் கேட்டல் சோதனை செய்து, அந்தத் துண்டை டீச்சரிடம் காட்டுங்கள். பிள்ளையை முன்வாங்கில் இருத்தும்படி அப்போதே கேளுங்கள்.