ஐஸில் வைத்தும் இறால் தலை கறுப்பது ஏன்?

கொட்டியாரக் குடாவில் பிடித்த இறாலை ஐஸில்தானே வைத்தீர்கள்? பிறகேன் மறுநாள் தலை கறுத்துப்போகிறது?

வெட்டிய வாழைப்பொத்தி கறுக்குமே, அதே வேலைதான். இறாலின் உடலிலுள்ள நொதியம், காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து கருநிறத்தை உண்டாக்குகிறது. குளிர் அதை மெதுவாக்கும், நிறுத்தாது.

பொத்தியை மோர்த்தண்ணீரில் போடுகிறோம். இறாலைச் சல்பைட்டுக் கரைசலில் முக்குகிறார்கள்; நொதியம் முடங்கிவிடும். நிறம் மட்டுமே தப்பும்! கறுத்ததெல்லாம் கெட்டதுமல்ல, பளிச்சென்றிருப்பதெல்லாம் புதியதுமல்ல. மூக்கை நம்புங்கள்.

சல்பைட்டு அளவோடிருந்தால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. பச்சை இறாலுக்குச் சர்வதேச உச்சவரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். ஆனால் ஆஸ்துமாக்காரர் சிலருக்கு, சல்பைட்டிலிருந்து கிளம்பும் கந்தக வாயு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். பச்சையாக உண்ணும் காய்கனிகளில் அமெரிக்கா 1986-இல் சல்பைட்டைத் தடைசெய்தது அதனால்தான்.

உங்கள் வீட்டில் ஆஸ்துமா உண்டா? பொதிசெய்த இறாலின் உறையில் சல்பைட்டைக் குறிக்கும் 220 முதல் 228 வரையான எண்களைத் தேடுங்கள்.