காற்று அழுத்திச் செய்த விமானம்

பேக்கரி டப்பாவுக்குள் பிஸ்கட் நகராமல் பிடித்து வைத்திருக்கும் குழித்தட்டும், ஃப்ரிட்ஜின் வெள்ளை உள்சுவரும் ஒரே வேலையில் பிறந்தவை. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கித் தொய்யவிட வேண்டும். அச்சின் மேல் போர்த்த வேண்டும். அச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் காற்றை அடியிலிருந்து உறிஞ்ச வேண்டும். தகடு அச்சின் வடிவத்தை எடுத்துக்கொண்டு ஆறிவிடும். இதற்கு வேக்யூம் ஃபார்மிங் என்று பெயர். இதே முறையில் விமான மாதிரி செய்கிறவர்களும் உலகில் உண்டு. பொழுதுபோக்குகளிலேயே கொஞ்சம் பிடிவாதமானது இது.

உறிஞ்சுவதால் தகடு இழுபடுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் வேலை செய்வது மேலே இருக்கும் காற்று. வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகட்டுக்கு அடியில் காற்றை முழுவதுமாக எடுத்துவிட்டால், அதன்மேல் சுமார் 600 கிலோ உட்காரும். வீட்டு வேக்யூம் கிளீனரால் அந்த அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வேறுபாடு உண்டாக்க முடியும். சிறிய மாதிரிக்கு அதுவே போதும்.

கடையில் கிடைக்கும் சாதாரண விமானக் கிட் வேறு வகை. உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அதிக அழுத்தத்தில் செலுத்தி வார்ப்பார்கள். அந்த எஃகு அச்சைக் கடைந்தெடுக்கப் பெரும் பணம் வேண்டும். பல்லாயிரம் பெட்டிகள் விற்றால்தான் போட்ட முதல் திரும்பும். ஆகவே பெரிய நிறுவனங்கள் ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் என்று எல்லோருக்கும் தெரிந்த விமானங்களையே சுற்றிச்சுற்றி வந்தன. வேக்யூம் முறைக்கு மரத்திலோ பிளாஸ்டரிலோ ஒரு பக்க அச்சு இருந்தால் போதும். பிரிட்டனின் ரேர்பிளேன்ஸ், கனடாவின் ஏர்ஃப்ரேம், ஜெர்மனியின் ஏர்மாடல் போன்ற சிறு முயற்சிகள் இந்த வழியாகத்தான் யாரும் சீண்டாத விமானங்களைக் கொண்டுவந்தன. 1960களில் மேட்டல் நிறுவனம் இந்த முறையையே வேக்-யூ-ஃபார்ம் என்ற பொம்மை இயந்திரமாக்கிக் குழந்தைகளுக்கு விற்றது. சூடான தட்டோடு ஒரு விளையாட்டுச் சாமான்! இன்றைக்கு எந்தப் பெற்றோரும் வாங்கித் தர மாட்டார்கள்.

அச்சு இரண்டு விதம். மேடான அச்சில் தகட்டின் உள்முகம் அச்சைத் தொடுகிறது. வெளிமுகம் தகட்டின் தடிமனுக்கு அப்பால் நிற்கிறது. நாம் பார்ப்பது அந்த வெளிமுகத்தைத்தான். அதில் தகட்டு இணைப்புக் கோடுகளும் சிறு மேடு பள்ளங்களும் மழுங்கிவிடும். குழிவான அச்சில் வெளிமுகமே அச்சைத் தொடுவதால் கோடுகள் கூர்மையாக விழும். ஆனால் பள்ளத்தின் அடி மூலைகளில் தகடு இழுபட்டு மெலிந்துபோகும்.

பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. காரை ஓடைக் கரைகளிலும் வாரணவாசி அருங்காட்சியகத்திலும் அவர்கள் பார்த்த அம்மோனைட்டை நினைத்துக்கொண்டால் போதும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடலில் வாழ்ந்த உயிர் அது. செத்த பிறகு ஓட்டுக்குள் சேறு புகுந்து கல்லானது, ஓடு கரைந்துபோனது. உள்ளே இறுகிய கல்லில் அறைச்சுவர்கள் ஓட்டைத் தொட்ட நெளிகோடுகள் துல்லியமாக இருக்கும். ஓட்டின் வெளிப்புற வரிகளைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் சுற்றியிருந்த பாறையில் பதிந்த குழியைத் தேட வேண்டும். எந்த முகத்தைத் தொட்டதோ அந்த முகத்தின் நுணுக்கந்தான் கிடைக்கும். பிளாஸ்டிக்குக்கும் அதே விதி.

அச்சு செய்யும் பொருளும் இங்கே காலடியில் கிடக்கிறது. காரைப் பக்கத்துக் களிமண்ணில் ஜிப்சம் படிவுகள் வரிவரியாக ஓடுகின்றன. ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் வறுத்து, அதன் நீரில் முக்கால் பங்கைப் போக்கினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மர அச்சு வேண்டுமென்றால், பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரில் 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பக்காரர்கள் இருக்கிறார்கள். வாகையிலும் மாமரத்திலும் சாமி வாகனம் செதுக்கும் உளிக்கு, 22 சென்டிமீட்டர் விமான உடல் ஒரு காலை நேர வேலையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அந்த 22 சென்டிமீட்டர் கணக்கு எச்.எஃப்.-24 மாருத்துடையது. கர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டு 1961 ஜூன் 17 அன்று முதன்முதலில் பறந்த இந்தியப் போர் விமானம். நிஜ நீளம் 15.87 மீட்டர், 72இல் ஒரு பங்காக்கினால் 22 சென்டிமீட்டர். மாருத்தே மரத்தில்தான் ஒத்திகை பார்த்தது. எஞ்சின் இல்லாமல், முழு அளவில், மரத்தால் ஒரு கிளைடர் கட்டி, 1959இல் டகோட்டா விமானத்தின் பின்னால் இழுத்துச் சென்று பறக்கவிட்டுச் சோதித்தார்கள்.

இனி கிட்டுக்கு வருவோம். உறையைப் பிரித்தால் ஒரு வெள்ளைத் தகடு. அதில் இரண்டு அரை உடல்கள், மேல் கீழ் இறக்கைகள், வால் எல்லாம் மேடு மேடாக எழும்பியிருக்கும். எண்ணும் இருக்காது, பொருத்தும் முளையும் இருக்காது. சக்கரமும் புரொப்பெல்லரும் பல கிட்களில் கிடையாது. தகட்டைக் கண்டதும் கத்தியை எடுப்பவர் தோற்பார். முதலில் பென்சில். ஒவ்வொரு உறுப்பும் தகட்டோடு சேரும் மூலையில் சுற்றிலும் கோடு போட வேண்டும். பிறகு அந்தக் கோட்டுக்குச் சற்று வெளியே கத்தியைச் சாய்த்துப் பிடித்துக் கீறல் மட்டும் போட்டு மடக்கினால் உறுப்பு சொடுக்கென்று கழன்று வரும். முழுக்க அறுக்கத் தேவையில்லை.

அதன் பிறகுதான் உண்மையான வேலை: தேய்ப்பு. பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் வாங்கி, சமமான டைல்ஸ் துண்டின்மேல் ஒட்டி, தண்ணீர் விட்டு, உறுப்பைக் கவிழ்த்து வைத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் தகட்டுத் தடிமன் மெலிந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் மயிரிழை போன்ற சீவல் பிரிந்து தொங்கும். பென்சில் கோடு மறையும். அங்கே நிறுத்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தகட்டைத் தேய்க்காமல் விட்டு இரண்டு பாதிகளையும் ஒட்டினால் உடல் 2 மில்லிமீட்டர் பெருக்கும். கேட்கச் சின்னக் கணக்கு. நிஜ விமானத்தில் அது 14.4 சென்டிமீட்டர். இறக்கையில் இன்னொரு தொல்லை. பின்விளிம்பு கத்தி முனை போல மெலிந்திருக்க வேண்டும். இரண்டு தகடு சேர்ந்தால் பலகை போல நிற்கும். ஆகவே பின்விளிம்பின் உட்புறத்தை மட்டும், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்க்க வேண்டும். விரல் பிடிக்க இடமில்லாவிட்டால் முதுகில் டேப்பை மடித்து ஒட்டிக் கைப்பிடி செய்துகொள்ளலாம்.

ஒட்டும்போது விளிம்போடு விளிம்பு மட்டும் சேர்ந்தால் பலம் போதாது. மீந்த தகட்டில் சிறு பட்டைகள் வெட்டி உட்புற விளிம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே நீட்டி ஒட்டினால் மறுபாதி அதன்மேல் வந்து உட்காரும். நடுவில் குறுக்குச் சுவர்கள் வைக்காவிட்டால் உடலை அழுத்திப் பிடிக்கும்போதே அமுங்கும். இறக்கையைத் தாங்க உடலுக்கு ஊடாக ஒரு குறுக்குக் கம்பி வேண்டும். திரவப் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்தே ஒட்டுகிறது. மெல்லிய தகட்டில் தாராளமாக ஊற்றினால் சுவரே குழையும். இணைப்பில் இடைவெளி தெரிந்தால் கார் பட்டறையில் போடும் பட்டியைக் கொஞ்சம் இழுத்து மறுபடி தேய்க்க வேண்டும். சாம்பல் நிற பிரைமர் அடித்ததும் எல்லாக் குறையும் பல்லிளிக்கும். மறுபடியும் வாட்டர் பேப்பர்.

1990களில் செக் நாட்டுச் சிறு நிறுவனங்கள் மலிவான அச்சில் குறைந்த எண்ணிக்கையில் வார்க்கக் கற்றுக்கொண்டன. பிறகு ரெசினும் முப்பரிமாண அச்சும் வந்தன. வேக்யூம் கிட்டுக்கு இடம் சுருங்கியது. விமானியின் கண்ணாடி மூடிக்கு மட்டும் இன்னும் அதற்கு மாற்று குறைவு. எஃகு அச்சில் வார்த்த மூடி தடித்து லென்ஸ் போலக் காட்சியை வளைக்கும்; தெளிந்த தகட்டை அழுத்தி எடுத்த மூடி மெலிந்து நிஜம் போல இருக்கும். அதை வெட்டும்போது உள்ளே களிமண் அடைத்துக்கொண்டால் விரிசல் விடாது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு மாருத்தைச் சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் இருக்கும் காற்று நுழைவாயில்களும் அவற்றின் கூம்புகளும் முதல் முயற்சியிலேயே ஆளை வெறுப்பேற்றும். மூன்று சக்கரத்தில் முன்சக்கரம் தரையில் நிற்க மூக்குக்குள் ஈயக் குண்டு வேறு வைக்க வேண்டும். வி.எம். காட்கே வடிவமைத்து 1951இல் பறந்த பயிற்சி விமானம் எச்.டி.-2 நல்ல தொடக்கம். இறக்கை 72இல் ஒரு பங்கில் 15 சென்டிமீட்டர்தான். சக்கரங்கள் உள்ளே மடங்காதவை என்பதால் சக்கரக்குழி வெட்ட வேண்டாம். வால்பக்கம் சிறு சக்கரத்தில் சாய்ந்தே நிற்கும் விமானம் என்பதால் ஈயக் குண்டுக்கும் வேலையில்லை.