மிலானின் ஏப்ரல்: அன்றும் இன்றும்

1961-ல் மிலான் நகரத்தில் முதன்முறையாக ‘சலோனே தெல் மோபிலே’ கூடியபோது அது ஒரு வியாபாரச் சந்தை, அவ்வளவுதான். நகரத்துக்கு வடக்கே பிரியான்சா என்றொரு வட்டாரம். கந்தூ, லிஸ்ஸோனே, மேதா என்று அங்குள்ள ஊர்களில் பரம்பரையாகக் கட்டிலும் அலமாரியும் செய்துவந்த தச்சுப் பட்டறைகள், போருக்குப் பிறகு சிறு தொழிற்சாலைகளாக வளர்ந்துகொண்டிருந்தன. உள்ளூரில் விற்றால் போதாது, வெளிநாட்டு ஆர்டர் வேண்டும் என்று ஃபர்னிச்சர் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடிப் போட்ட சந்தை அது. 328 நிறுவனங்கள் கடை விரித்தன. 12,100 பேர் வந்து பார்த்தார்கள். 2024 ஏப்ரலில் வந்தவர்கள் 3,70,000-க்கும் மேல்.

வளர்ச்சிக் கதை என்றால் இத்தோடு நிறுத்திவிடலாம். என்னைக் கேட்டால், கூட்டம் பெருகியதைவிடப் பெரிய மாற்றம் யாருக்கு எங்கே இடம் என்பதில்தான் நடந்திருக்கிறது. சந்தைக்குள் இடம் கிடைக்காத, கையில் காசில்லாத வடிவமைப்பாளர்கள் அன்று நகரத் தெருக்களில் கடை போட்டார்கள். இன்று அந்தத் தெருக்களைப் பெரும் பணம் எடுத்துக்கொண்டது. புதிதாக வருகிற இளைஞருக்குக் கட்டுப்படியாகிற வாசல், பெரும்பாலும் சந்தைக்குள்ளேயே இருக்கிறது.

தெருவுக்கு வந்த கதையை 1981-ல் தொடங்கலாம். அப்போதெல்லாம் சந்தை செப்டம்பரில் நடக்கும்; ஏப்ரலுக்கு மாறியது 1991-ல். 1981 செப்டம்பர் 18 அன்று மாலை, கோர்சோ யூரோப்பாவில் ‘ஆர்க் 74’ என்ற ஷோரூமில் ஒரு சிறு கண்காட்சி திறந்தது. நடத்தியவர் வடிவமைப்பாளர் எத்தோரே சொட்சாஸ், 64 வயது. கூட இருந்தவர்கள் பெரும்பாலும் அவருடைய பிள்ளைகள் வயதுக்காரர்கள். குழுவுக்கு மெம்ஃபிஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து நின்றதில் சாலையில் போக்குவரத்தே தடைபட்டது.

உள்ளே அப்படி என்ன இருந்தது? சொட்சாஸின் ‘கார்ல்டன்’ அலமாரியை எடுத்துக்கொள்வோம். கீழே புள்ளிபுள்ளியாக ஒரு பீடம். அதன்மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலத் தட்டுகள். பாதித் தட்டுகள் சாய்வாக நிற்கும். புத்தகம் வைத்தால் அதுவும் சாய்ந்துதான் நிற்கும். உச்சியில் கைகளை விரித்து நிற்கும் மனிதனைப் போல ஓர் உருவம். அலமாரியா, அறைத் தடுப்பா, சிலையா என்று பார்த்தவர்களால் தீர்மானிக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய சேட்டை, மேலே ஒட்டியிருந்த பொருள். நம் ஊரில் கம்பெனிப் பெயரையே பொதுப்பெயராக்கிச் சன்மைக்கா என்போமே, அந்த பிளாஸ்டிக் லேமினேட்! மலிவான சமையலறையிலும் காபிக்கடை மேடையிலும் ஒட்டுகிற தாளை, வால்நட் மரமும் தோலும் ஆண்ட வரவேற்பறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அழகா என்று கேட்டால் எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஆனால் அதற்கு முன்னால் நின்றால் சும்மா கடந்துபோக முடியாது.

அன்று சந்தைக்குள் ஸ்டால் கிடைப்பது லேசில்லை. வெளியே ஒரு காலிக் கடையோ, நண்பரின் முற்றமோ, பழைய கேரேஜோ போதும். யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டாம், தேர்வுக் குழு கிடையாது, பார்க்க வருபவர் டிக்கெட் வாங்க வேண்டாம். இப்படித் தன்னிச்சையாகச் சேர்ந்ததுதான் ‘ஃபுவோரிசலோனே’, சந்தைக்கு வெளியே நடக்கும் திருவிழா. தேரோட்டத்துக்கு யாரும் அழைக்காமலே கோயில் வீதியில் வளையல் கடையும் ராட்டினமும் வந்து சேர்வதில்லையா, அப்படி. 1990-களின் தொடக்கத்தில் ‘இன்டெர்னி’ பத்திரிகை எங்கே என்ன நடக்கிறது என்று ஒரு கையேடு போடத் தொடங்கியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு டிராமிலும் நடையிலுமாக ஊரைச் சுற்றுவதுதான் பார்வையாளர் வேலை.

1993-ல் நெதர்லாந்திலிருந்து வந்த ‘ட்ரூக்’ குழுவை மிலான் கண்டுகொண்டதும் இப்படித்தான். ரெனி ராமேக்கர்ஸ் என்ற விமர்சகரும் கைஸ் பக்கர் என்ற வடிவமைப்பாளரும் சேர்ந்து, இளைஞர்கள் செய்த சாமான்களை மிலானுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். தெயோ ரெமி பழந்துணிகளை அடுக்கி உலோகப் பட்டையால் இறுக்கிக் கட்டி நாற்காலி ஆக்கியிருந்தார். ரோடி க்ராவ்மன்ஸின் விளக்கில் 85 சாதாரண பல்புகள். 85 கறுப்பு ஒயர்கள் மேலே ஒரே முடிச்சாகச் சேர, கீழே பல்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குடைபோல விரியும். சரவிளக்குக்குக் கண்ணாடித் தொங்கல் எதற்கு, பல்பே போதும் என்கிற துணிச்சல். இதைச் செய்யப் பெருமுதல் வேண்டாம். யோசனையும் ஒரு சுவரும் கிடைத்தால் உலகப் பத்திரிகைகள் தேடி வந்த காலம் அது.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. போர்த்தா ஜெனோவா ரயில் பாதைக்கு அப்பால் தொர்த்தோனா பகுதியில் ஆலைகள் மூடிக் கிடந்தன. போட்டோ ஸ்டூடியோக்கள் அங்கே முன்பே குடியேறியிருந்தன; 2000-ல் ‘சூப்பர்ஸ்டூடியோ பியூ’ திறந்ததும் வடிவமைப்பாளர் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. சில வருடங்களில் அங்கே கால் வைக்க இடமில்லை. சாராய கம்பெனியும் செல்போன் கம்பெனியும் வாடகையை ஏற்றிவிட்டன. 2010-ல் சின்னவர்கள் கிழக்கே லாம்ப்ராத்தேவுக்குப் பெயர்ந்தார்கள்.

லாம்ப்ராத்தே என்றதும் நம்மூரில் ஐம்பதைக் கடந்தவர்களுக்குப் பொறி தட்டலாம். லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் பிறந்த ‘இன்னொசென்தி’ ஆலை அங்கேதான் இருந்தது. இத்தாலியில் லாம்ப்ரெட்டா உற்பத்தி நின்றதும் அந்த எந்திரங்களை இந்திய அரசு வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்தது. விஜய் சூப்பர் என்ற பெயரில் நம் தெருக்களில் ஓடியது அதன் வாரிசுதான். எந்திரம் போன ஊரில் எஞ்சி நின்ற கொட்டகைகளில் ஐரோப்பாவின் வடிவமைப்புக் கல்லூரிகள் மாணவர்களின் வேலைகளைப் பரப்பின. அங்கும் அதே கதை: கூட்டம் வந்தது, வாடகை ஏறியது, 2017-க்குப் பிறகு ஏற்பாட்டாளர்கள் இடத்தைக் காலி செய்தார்கள்.

இன்று ஏப்ரலில் மிலானின் நடுப்பகுதியில் நடந்தால் முதலில் கண்ணில் படுவது ஃபர்னிச்சர் இல்லை, வரிசை. எர்மேஸ், லூயி வித்தோன், குச்சி, லோவே என்று பேஷன் நிறுவனங்கள், கார் கம்பெனிகள், கணினிக் கம்பெனிகள். வருடம் முழுக்கப் பூட்டியிருக்கும் மாளிகைகளின் கதவுகள் அந்த ஒரு வாரம் அவர்களுக்காகத் திறக்கின்றன. நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். கையேட்டின் இடத்தில் செல்போன். முன்பு வாசலில் கேட்காமலே கையில் திணித்த அஞ்சலட்டைகளுக்குப் பதில் க்யூஆர் கோடு. பெயரும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால்தான் பல வாசல்களில் உள்ளே விடுவார்கள். டிக்கெட் இல்லை என்பது உண்மைதான். காசுக்குப் பதிலாக விவரங்களைத் தருகிறோம்.

பெரிய நிறுவனம் காட்டுவதெல்லாம் வெற்று ஆடம்பரம் என்று நான் சொல்லவில்லை. 2019-ல் கூகுள் நடத்திய ‘எ ஸ்பேஸ் ஃபார் பீயிங்’ நல்ல உதாரணம். அதன் அறைகளை வடிவமைத்தவர் சுசி ரெட்டி. சென்னையில் வளர்ந்து நியூயார்க்கில் தொழில் செய்யும் கட்டடக் கலைஞர். வாசலிலேயே மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். அடுத்தடுத்து மூன்று அறைகள். ஒவ்வொன்றிலும் நிறமும் ஒளியும் வாசனையும் இசையும் தொட்டுணரும் பரப்பும் வேறு. நாம் பாட்டுக்கு உட்கார்ந்திருக்க, இதயத் துடிப்பையும் தோலின் மாற்றங்களையும் பட்டை அளந்துகொண்டிருக்கும். கடைசியில், எந்த அறையில் உங்கள் உடல் அதிக நிம்மதியாக இருந்தது என்று ஒரு படமாகக் காட்டுவார்கள். ‘இதுதான் எனக்குப் பிடித்தது’ என்று நாம் நினைத்த அறையும் உடம்பு சொன்ன அறையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிறகு அந்தத் தகவலைக் கண்ணெதிரே அழித்துவிடுவார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதில் பங்குகொண்டார்கள். ஒரு வீட்டின் சுவர் நம்மை என்ன செய்கிறது என்ற கேள்வியை இவ்வளவு தெளிவாகக் கேட்ட கண்காட்சிகள் குறைவு. ஆனால் அது கூகுளால்தான் முடியும். பக்கத்துத் தெருவில் மூன்று நாற்காலிகளோடு நிற்கும் பெண் அதோடு போட்டி போட முடியாது.

அந்தப் பெண்ணின் பக்கம் கொஞ்சம் போவோம். அவர் இந்தியாவிலிருந்து வருகிறார் என்றால் வேலை மாதக்கணக்கில் முன்பே தொடங்கிவிடும். மாதிரிகளை ‘ஏடிஏ கார்னெட்’ என்ற ஆவணத்தில் கொண்டுபோவது வழக்கம். இந்தியாவில் அதை வழங்குவது ஃபிக்கி. சுங்கவரி கட்ட வேண்டாம், ஆனால் பெட்டியில் போன ஒவ்வொரு சாமானும் அதே பெட்டியில் திரும்ப வேண்டும். அங்கே ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டாலும் சட்டென்று விற்றுவிட முடியாது. இடத்துக்கு வாடகை, காப்பீடு, மின் இணைப்பு, இரவுக் காவல் எல்லாம் தனித்தனி. அந்த வாரம் விடுதி அறை விலை பலமடங்கு ஏறிவிடும் என்பதால் நாலு பேர் ஓர் அறையில் படுப்பார்கள். பெட்டி வந்துசேரும் நேரமும் முற்றத்தின் கதவைத் திறக்கும் நேரமும் எப்போதும் ஒத்துவராது. திறப்பு நாள் காலையில் கையில் ஸ்க்ரூடிரைவரும் முகத்தில் தூக்கக் கலக்கமுமாக நிற்பவர்கள், பதினோரு மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு சிரித்தபடி விளக்கம் சொல்லத் தொடங்குவார்கள். அன்றும் இன்றும் மாறாத ஒரே காட்சி இதுவாகத்தான் இருக்கும்.

இதற்கிடையே சந்தையும் இடம் மாறியது. நகரத்துக்குள் இருந்த பழைய வளாகம் போதாமல், மாசிமிலியானோ ஃபுக்சாஸ் வடிவமைத்த ரோ வளாகத்துக்கு 2006-ல் போனார்கள். அலையலையாக ஏறி இறங்கும் கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நடைபாதை, இருபுறமும் அரங்குகள். பழைய இடத்தில் இன்று மூன்று கோபுரங்கள். இசோசாகி கட்டியதை நேரானது, ஸாஹா ஹதித் கட்டியதை முறுக்கியது, லிபஸ்கிண்ட் கட்டியதை வளைந்தது என்று ஊர்க்காரர்கள் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள்.

சந்தைக்குள் எனக்கு முக்கியமாகப் படுவது ‘சலோனே சத்தேலித்தே’. வெனிசுவேலாவில் பிறந்த மார்வா க்ரிஃபின் 1998-ல் தொடங்கியது. 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். தேர்வுக் குழு பார்த்துச் சேர்க்கும். சின்ன ஸ்டால்தான், ஆனால் பெரிய உற்பத்தியாளர்கள் சுற்றி வரும் அதே வளாகத்தில். ஜப்பானின் ஓகி சாதோ தன் ‘நெண்டோ’ நிறுவனத்தோடு 2003-ல் இங்கே வந்து நின்றார். இன்று அவருக்கு அறிமுகம் தேவையில்லை. தெருவில் வருகிற கூட்டம் படம் எடுக்கும். இங்கே வருபவர் விலை கேட்பார், மாதத்தில் எத்தனை செய்ய முடியும் என்று கேட்பார். பிழைப்புக்கு இரண்டாவது கேள்விதான் உதவும்.

2020-ல் கொரோனாவால் சந்தையே ரத்தானது. 2021 செப்டம்பரில் ஸ்தெஃபானோ போயரி தலைமையில் ‘சூப்பர்சலோனே’ என்று சிறிய அளவில் நடத்தினார்கள். 2022-ல் ஜூன் மாதம். 2023-ல் மீண்டும் ஏப்ரல். சின்னதாக, நடக்கச் சுகமாக இருந்த சந்தையின் பாடத்தை யாரும் நெடுநாள் நினைவில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பெரும் பணத்துக்கு மாற்றாக வந்தவற்றில் ‘அல்கோவா’ என்ற கண்காட்சி கவனிக்க வேண்டியது. வலென்தீனா சியுஃபியும் ஜோசப் க்ரீமாவும் 2018-ல் ஒரு கைவிடப்பட்ட பானெத்தோனே கேக் ஆலையில் தொடங்கினார்கள். பிறகு ராணுவ மருத்துவமனை, பழைய இறைச்சிக்கூடம் என்று பாழடைந்த இடமாகத் தேடிப் போனார்கள். 2024-ல் மிலானையே விட்டு, 15 கிலோமீட்டர் வடக்கே வரேதோ ஊருக்குப் போனார்கள். அங்கே அவர்கள் எடுத்த வீடுகளில் ஒன்று ஓஸ்வால்தோ போர்சானியின் வில்லா. ‘டெக்னோ’ ஃபர்னிச்சர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். வரேதோ இருப்பது பிரியான்சாவில். தச்சர்கள் ஆர்டர் தேடி நகரத்துக்கு வந்த வழியிலேயே, வாடகை கொடுக்க முடியாத இளைஞர்கள் திரும்பிப் போனார்கள்.

நம்மூர் வடிவமைப்பாளர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. 35 வயது தாண்டவில்லை என்றால் முதலில் சத்தேலித்தேவுக்கு விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால், கடன் வாங்கி நகர நடுவில் முற்றம் பிடிப்பதற்கு முன், ஒரு வருடம் சும்மா பார்வையாளராகப் போய்விட்டு வாருங்கள். தெரு நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட் இல்லை. இன்டெர்னி நடத்தும் கண்காட்சியைப் பதினைந்தாம் நூற்றாண்டு மருத்துவமனையாக இருந்த அரசுப் பல்கலைக்கழக முற்றங்களில் இலவசமாகவே பார்க்கலாம். ரோ வளாகத்துக்குள் பொதுமக்களை விடுவது சனி, ஞாயிறு மட்டும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.