அத்திக்காய்க்குள் ஒரு கொடுக்கல் வாங்கல்

சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள், பையைப் பறிக்கும் குரங்கைப் பார்ப்பார்கள். ஓடைக்கரையில் நிற்கும் அத்தி மரத்தை எத்தனை பேர் நின்று பார்ப்பார்கள்? அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கும். ஆனால் அது பூத்து யாரும் பார்த்ததில்லை. அபூர்வமாக ஏதாவது நடந்தால் ‘அத்தி பூத்தாற்போல’ என்று பாட்டி சொல்வது அதனால்தான்.

அத்தி பூக்காமல் இல்லை, குட்டிகளா. நாம் காய் என்று நினைக்கிறோமே, அதற்குள்தான் பூக்கள் இருக்கின்றன. உட்சுவர் முழுக்க நெருக்கமாகப் பொடிப் பொடிப் பூக்கள். வண்டோ தேனீயோ உள்ளே நுழைய முடியாது. காயின் நுனியில் இருப்பது ஒரே ஒரு சின்னத் துளை.

அதில் நுழையக்கூடியது அத்திக் குளவி. அளவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், நம்மைக் கொட்டாது. மகரந்தத்தோடு வரும் பெண் குளவி அந்தத் துளையில் முண்டியடித்து நுழையும்போது இறக்கைகள் பிய்ந்துவிடும். இனி வெளியே வர முடியாது. உள்ளே பூக்களில் மகரந்தத்தைச் சேர்க்கும், சில பூக்களில் முட்டையிடும், அங்கேயே செத்துப்போகும். முட்டை விழுந்த பூ குஞ்சுக்குத் தொட்டிலும் சோறும் ஆகிறது. மகரந்தம் மட்டும் சேர்ந்த பூ விதையாகிறது. அதாவது, மரம் தன் பூக்களில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுக்கிறது!

சில வாரங்களில் முதலில் ஆண் குளவிகள் தாம் வளர்ந்த பூக்களிலிருந்து வெளிவரும். அவற்றுக்கு இறக்கையே கிடையாது. பெண் குளவிகளோடு சேர்ந்தபின், காயின் சுவரைக் குடைந்து வழி உண்டாக்குவது அவற்றின் வேலை. பெண்கள் புது மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அந்த வழியாகப் பறந்து, வேறோர் அத்தி மரத்தைத் தேடிப் போகும். அதற்கு அவற்றுக்கு இருப்பது ஓரிரு நாள் ஆயுள்தான்.

இதைப் பாசம், தியாகம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். இது கறாரான கணக்கு. பனாமா நாட்டு அத்தி வகைகளை ஆராய்ந்தவர்கள் 2010இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மகரந்தம் இல்லாத குளவிகளைக் காய்க்குள் விட்டுப் பார்த்தபோது, சில வகை மரங்கள் அந்தக் காய்களை உதிர்த்துவிட்டன. உள்ளே இருந்த குஞ்சுகளும் போச்சு! வேலை செய்யாமல் கூலி வாங்க முடியாது. ஏமாற்றுக்காரர்களும் இல்லாமல் இல்லை. வேறு சில குளவிகள் வெளியே உட்கார்ந்தபடியே நீண்ட ஊசி போன்ற உறுப்பைக் காய்க்குள் செருகி முட்டையிடும். மகரந்தமா? மூச்!

பழுத்த பிறகு குரங்கு, வௌவால், மலைக்காட்டில் இருவாச்சிப் பறவை என்று பலருக்கும் விருந்து. தின்ற கூலிக்கு அவை விதையைக் கொண்டுபோய்த் தொலைவில் போடும்.

அடுத்த முறை குற்றாலத்துச் சிற்றாற்றங்கரையில் அத்திப்பழம் விழுந்து கிடந்தால் பிட்டு, லென்ஸ் வைத்துப் பாருங்கள். ‘ஐயே, பூச்சி’ என்று எறிந்துவிடாதீர்கள். இறக்கையில்லாமல் செத்துக் கிடப்பவை பெரும்பாலும் வழி குடைந்த ஆண் குளவிகளாக இருக்கும்.