சீதையின் வேணி: காட்டு மலரும் நாற்றங்காலும்

கோடையின் முடிவில் புணே மாவட்டத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், மரக்கிளைகளிலிருந்து இளஞ்சிவப்புப் புள்ளியிட்ட மலர்க் கொத்துகள் தொங்குவதைக் காணலாம். மராத்தி மக்கள் இதனைச் 'சீதையின் வேணி' என்பர். தாவரவியலார் இட்ட பெயர் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டியூசா. அஸ்ஸாம் மாநிலத்தின் மலரும் இதுவே.

இந்த ஆர்க்கிட் மரத்தைப் பற்றி வளர்வதேயன்றி, அதன் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழைநீரையும் பனியையும் பஞ்சு போன்ற உறையுள்ள வேர்களே ஈர்த்துக் கொள்கின்றன. எனவே மண்ணில் நட்டால் வேர் காற்றின்றி அழுகும். மரப்பட்டையில் கட்டியோ, கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் இட்ட மரச்சட்டக் கூடையில் வைத்தோ வளர்ப்பதே முறை.

புணேயின் ஆண்டு மழை பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலேயே பெய்துவிடுகிறது. அப்போது காற்றோட்டம் இன்றியமையாதது. ஏப்ரல், மே மாதங்களின் வறண்ட வெப்பத்தில் பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலையும், காலையில் நீர்த்தெளிப்பும், ஈரமான தரையும் தேவை. குளிர்காலத்தில் நீரைக் குறைக்க வேண்டும். வளரும் பருவத்தில் மட்டும் உரத்தை மிகவும் நீர்க்கக் கரைத்துத் தெளிக்கலாம்.

வளர்ப்பு முறை எளிது. நாற்றைப் பெறுவதே அரிது. ஒரு காயில் தூசி போன்ற எண்ணற்ற விதைகள் உண்டு. ஆயினும் அவற்றில் சேமித்த உணவு இல்லாமையால், இயற்கையில் ஒருவகைப் பூஞ்சையின் துணையின்றி அவை முளைப்பதில்லை. சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் பூஞ்சையின்றியே முளைப்பிக்கலாம் என்பதை 1922-இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன் நிறுவினார். ஆய்வுக்கூட நாற்று உற்பத்திக்கு அதுவே அடிப்படை.

எனினும் குடுவையில் முளைத்த நாற்று பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகளின் முதலும் உழைப்பும் அதன் விலையில் அடங்கும். காட்டிலிருந்து பறித்து வரப்படும் செடிக்கோ பறிப்புக் கூலி மட்டுமே செலவு. இவ்விலை வேறுபாடே காட்டுக் கொள்ளைக்கு ஊக்கமளிக்கிறது. பூக்கும் செடியை அகற்றும்போது அதன் எதிர்கால விதைகளும் காட்டுக்கு இல்லாமற் போகின்றன. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்ஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டிற்குள் வந்துள்ளது. 1976-இல் இந்தியா அதில் இணைந்தது. ஆனால் அது பன்னாட்டு வணிகத்தையே கட்டுப்படுத்தும். உள்ளூர்ச் சந்தையை அன்று.

1955-இல் அமைந்த இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் மேற்கு மண்டல நிலையமும், மலரியல் ஆராய்ச்சி இயக்ககமும் புணேயிலேயே உள்ளன. இனங்களை அறிந்தோரும் மலர் வளர்ப்பை அறிந்தோரும் ஒரே நகரில் இருப்பது பெரும் வாய்ப்பாகும். மலையோரச் சிற்றூர்களின் மகளிர் குழுக்கள் ஆய்வுக்கூட நாற்றுகளைப் பெற்று வளர்க்க, பூக்கும் வரையிலான காலத்திற்குக் கடனுதவி கிடைக்குமாயின், காட்டுச் செடிக்கு ஈடான விலையில் நாற்றங்கால் செடியைத் தர இயலும். வாங்குவோரும் செடி எங்கு வளர்ந்தது எனக் கேட்டறிதல் வேண்டும்.