ஆவாரை, கொன்றை, புன்கு: நம் தோட்டங்களுக்கு ஏற்ற நாட்டுப் பூமரங்கள்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பிரதேசங்களிலுள்ள சங்க அங்கத்தினர்களுக்கு ஆவாரையைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. புறம்போக்கிலும் சாலையோரத்திலும் எவரும் நீரூற்றாமலே வளர்ந்து, ஆண்டின் பெரும்பகுதியும் பொன்னிறமாகப் பூத்து நிற்பது அது. ஆயினும் வீட்டுக் கொல்லையையோ சங்கக் கட்டிடத்தின் முற்றத்தையோ அலங்கரிக்க முற்படும்போது, குரோட்டன் முதலிய சீமைச் செடிகளை விலைக்கு வாங்குகிறோம். ஆவாரையைக் களையென்று வெட்டி எறிகிறோம். இவ்வழக்கம் மாற வேண்டும்.

ஆவாரம்பட்டையில் நூற்றுக்குச் சுமார் 15 முதல் 20 பங்கு துவர்ப்புச் சத்து உண்டு. பச்சைத் தோல் அழுகாதவாறு பதனிடுவது இச்சத்தே. நமது பகுதியின் தோல் வியாபாரம் இப்பட்டையை ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தது. தேவை மிகுந்தபோது, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதியாயிற்று. பின்னர்க் குரோமியத்தால் பதனிடும் முறை பரவிற்று. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996ஆம் வருஷம் ஆகஸ்டு 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்து, கெடுத்தவரே அதன் நஷ்டத்தை ஏற்க வேண்டுமென விதித்தனர்.

செடி நடுவதனால் கெட்ட நீர் சுத்தமாகிவிடும் என்று எண்ணலாகாது. ஆனால் நல்ல நீர் அருகிப்போன ஊரில், அதைப் பூந்தோட்டத்திற்கென்று செலவிடாதிருத்தல் நம் கையில் உள்ளது. வேரூன்றிய பின் தண்ணீர் கேளாத நாட்டுச் செடிகளே இதற்கு வழி. அவற்றுள் சில வருமாறு:

ஆவாரை: கல்லாங்குத்து நிலத்திலும் வளரும் புதர்ச்செடி. இதன் விதைத்தோல் கடினமானது. கொதித்திறக்கிய வெந்நீரில் விதையை இட்டு, ஓர் இரவு ஊறவிட்டு விதைத்தால் விரைவில் முளைக்கும். வேலியாக வேண்டுமாயின் மூன்றடிக்கு ஒன்றாக நடலாம். வெட்டினாலும் அடியிலிருந்து தழைக்கும். தழை வயலுக்கு உரமாகும். ஆவாரை பூத்த ஊரைச் சாவு அண்டாது என்ற கருத்தில் நம்மவரிடையே பழமொழியும் உண்டு. தெலுங்கர் தங்கேடு என்றழைக்கும் இப்பூவையே தெலங்கானா அரசினர் 2014இல் தமது மாநில மலராக ஏற்றனர்.

கொன்றை: சித்திரை வைகாசியில் இலையுதிர்ந்த கிளைகளில் சரஞ்சரமாய் மஞ்சட்பூத் தொங்கும். இதன் பட்டையும் தோல் பதனிட உதவியது. விதையை மணலோடு தேய்த்து மேல்தோலைச் சிராய்த்து விதைக்க வேண்டும். அமெரிக்க நாட்டினின்று வந்த மஞ்சட்கொன்றை வேறு. அது முதுமலை முதலிய காடுகளில் பரவித் தீங்கு விளைத்து வருவதால் அதை நடலாகாது.

புன்கு: நல்ல நிழல் தருவது, உவர்நிலத்தையும் பெரிதும் தாங்குவது. ஆகவே கழிவுநீரால் உப்பேறிய நிலமுடையோர் முதலில் முயன்று பார்க்கத்தக்க மரம் இதுவே. இதன் எண்ணெய் விளக்கெரிக்கவும், பதனிட்ட தோலுக்கு எண்ணெயூட்டவும் பயன்பட்டது. விதையை நெடுநாள் வைத்திராமல் புதிதாகவே ஊன்ற வேண்டும்.

ஆடாதோடை: பெயருக்கேற்ப ஆடு தொடாதது. வெண்ணிறப் பூவுடையது. கொம்பை நட்டாலே தழைக்கும். வேலிக்கு மிகவும் ஏற்றது.

ஆடி, ஆவணியில் நட்டால் இரு பருவ மழையும் கிடைக்கும். முதற் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை நீர் விட்டுக் காத்தல் வேண்டும். கழிவுநீர் தேங்கும் இடத்தில் வளர்ந்த ஆவாரம்பூவை உலர்த்திக் கஷாயமிட்டுக் குடித்தல் கூடாது; அங்கே அது கண்ணுக்கு அழகாய் இருந்தாற் போதும்.

விதைகளை விலைக்கு வாங்க வேண்டிய அவசியமில்லை. அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு படி விதை சேகரித்துச் சங்கத்தில் ஒப்புவித்தால், சங்கக் கட்டிடத்தின் பின்புறத்திலேயே நாற்றங்கால் அமைத்து, அடுத்த ஆடியில் எல்லோருக்கும் கன்று வழங்கலாம். சிறு துளிகளைச் சேர்த்து மூலதனமாக்கப் பழகிய நமக்கு இது புதிய வித்தையன்று. அடுத்த மாதாந்தரக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி பஞ்சாயத்தார்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.